சுடும் போட்டிக்கு ஒரு சட்டைப்பை கேமரா: பெட்டியில் எழுதியிருக்காத விஷயங்கள்

என்னிடம் ஒரு வீடியோ இருக்கிறது. நாற்பது நொடி ஓடும். முழுக்கச் சரளைக் கல்லும் என் ஷூவும்தான். நடுவில் யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள். என் மாணவர் அதுவரை சுட்டதிலேயே நல்ல ஸ்டேஜ், அதாவது போட்டியின் ஒரு சுற்று, அதற்குச் சற்று முன்புதான் முடிந்திருந்தது. அதில் ஒரு நொடிகூடப் பதிவாகவில்லை. பொத்தானை அழுத்தினேன், பதிவாகிறது என்று நம்பினேன், ஆகவில்லை. சுட்டு முடித்ததும் நிறுத்துவதாக நினைத்து மறுபடி அழுத்தினேன். அப்போதுதான் பதிவே தொடங்கியிருக்கிறது.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. பதிவு தொடங்கினால் 'பீப்' என்று ஒலிக்கும் வகை அது. என் காதில் சத்தத்தைத் தடுக்கும் இயர் மஃப் இருந்தது. திரையில் சிவப்புப் புள்ளி வரும். உச்சி வெயிலில் அந்தத் திரை வெறும் கண்ணாடியாகத்தான் தெரிந்தது. உட்கார்ந்து பார்க்கும்போது அருமையாக வேலை செய்த கேமரா, சுடுதளத்தில் என்னிடம் ஊமையாகிவிட்டது.

பயிற்சியாளராகவும், சுடுபவரின் கூடவே நின்று கட்டளை சொல்லிப் பாதுகாப்பைப் பார்க்கும் ரேஞ்ச் ஆபீசராகவும் பல போட்டிகளில் நின்றிருக்கிறேன். "சின்னதா ஒரு கேமரா வாங்கணும், எது நல்லது?" என்று கேட்பவர்கள் கூடவே "4கே இருக்கணும் இல்லையா?" என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதை யார் பிடிக்கப் போகிறார்கள்? நீங்கள் சுடும்போது கேமரா உங்கள் கையில் இருக்காது. உங்களுக்கு அடுத்துச் சுடக் காத்திருக்கும் ஒருவர் கையில்தான் இருக்கும். அவர் அதை முன்பின் தொட்டிருக்க மாட்டார். காதை மூடியிருப்பார், கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கும், மனம் தன்னுடைய ஸ்டேஜிலேயே இருக்கும். அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கக் கிடைப்பது பத்து நொடி.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது பொத்தானை. அணைந்திருக்கும் நிலையிலிருந்து ஒரே அழுத்தில் பதிவு தொடங்குமா? தொடங்கியதை ஒலியில்லாமல் காட்டுமா? முன்னாலும் பின்னாலும் சிவப்பு விளக்கு மின்னுவது நல்லது, கையில் அதிர்வு தெரிந்தால் இன்னும் நல்லது. 2007-இல் ஃபிளிப் என்றொரு சின்ன வீடியோ கேமரா வந்தது. பின்பக்கம் நடுவில் பெரிதாக ஒரு சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான். 2009-இல் சிஸ்கோ அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கி, 2011-இல் அந்தக் கேமராவையே நிறுத்திவிட்டது. படத்தின் தரத்தில் இன்றைய கேமராக்கள் அதை எங்கோ விட்டுவிட்டு வந்துவிட்டன. அந்தப் பொத்தானுக்கு நிகரானதை மட்டும் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எப்போது அழுத்துவது என்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். ஓடி ஓடிப் பல இலக்குகளைச் சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டியில் ரேஞ்ச் ஆபீசர் 'ஸ்டாண்ட்பை' சொன்ன பிறகு 1 முதல் 4 நொடிக்குள் டைமர் ஒலிக்கும், உடனே சுடத் தொடங்க வேண்டும். அதற்குச் சற்று முன் வரும் 'ஆர் யூ ரெடி' கேட்டபின் அழுத்தினால், விழித்தெழ இரண்டு மூன்று நொடி எடுக்கும் கேமரா முதல் குண்டைத் தவறவிடும். அதற்கும் முந்தைய கட்டளையான 'லோட் அண்ட் மேக் ரெடி' காதில் விழுந்ததும் அழுத்திவிடச் சொல்லுங்கள். முன்னால் இருபது நொடி வீணாகப் பதிவானால் ஒன்றும் குறையாது.

சரி, 4கே விஷயத்துக்கு வருவோம். பலர் அதைக் கேட்பதே இலக்கில் குண்டு எங்கே பட்டது என்று பார்க்கத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன கேமராக்களின் அகல லென்ஸ் பக்கவாட்டில் 90 டிகிரி பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் தூரத்தில் அது 40 மீட்டர் அகலத்தை ஒரே சட்டத்தில் அடக்குகிறது. முழு எச்டியில் அந்த 40 மீட்டருக்குக் கிடைப்பது 1920 புள்ளிகள், அதாவது மீட்டருக்கு 48. ஐ.பி.எஸ்.சி. அட்டை இலக்கின் அகலம் 45 செ.மீ., படத்தில் அது 22 புள்ளிகூட வராது. 9 மி.மீ. குண்டின் துளை ஒரு புள்ளியில் பாதியைக்கூடத் தொடாது. 4கேயில் எல்லாம் இரட்டிப்பாகும். அப்போதும் துளை ஒரு புள்ளிக்குள்தான் நிற்கும். டிஜிட்டல் ஜூம் இருக்கும் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, இல்லாத துளையைக் கொண்டுவராது. துளையை எண்ணும் வேலையை மதிப்பெண் எழுதுபவரிடம் விட்டுவிடுங்கள்.

கேமரா பார்க்க வேண்டியது சுடுபவரை. உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் கை, மேகசின் (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) மாற்றும்போது கண் போகும் இடம், ஓடும்போது விரல் ட்ரிகர் காப்புக்கு வெளியே இருக்கிறதா, ஒரு நிலைக்கு வந்து சேரும்போது கால் முதலில் ஊன்றுகிறதா துப்பாக்கி முதலில் எழுகிறதா. இவை எல்லாம் இரண்டு மூன்று மீட்டருக்குள் நடக்கின்றன. அவற்றுக்கு 1080, அதாவது முழு எச்டி, தாராளமாகப் போதும். ஆனால் வேகம் வேண்டும், அந்த வேகத்தைத்தான் வாங்குபவர்கள் சரியாகப் பார்ப்பதில்லை.

நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் 33 மில்லி நொடி இடைவெளி. 60 என்றால் 17, 120 என்றால் 8 சொச்சம். இரண்டு குண்டுகளுக்கு நடுவே 0.20 நொடி எடுக்கும் ஒருவரை 30 ஃபிரேமில் பிடித்தால், அந்த இடைவெளி முழுவதற்கும் ஆறே படங்கள். அதில் ஒன்றிரண்டில்தான் துப்பாக்கி உதைத்து மேலே போயிருக்கும். உதைப்பில் மணிக்கட்டு மடங்குகிறதா என்று ஆறு படத்தை வைத்து நான் எப்படிச் சொல்வது? 60 இல்லாத கேமராவை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். 120 இருந்தால் நல்லது. 240 வசதியாக இருக்கும், ஆனால் அந்த மெதுவோட்ட முறையில் ஒலியைப் பதிவே செய்யாத கேமராக்கள் உண்டு. வாங்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

ஃபிரேம் வேகம் மட்டும் இருந்தால் போதாது, ஷட்டர் வேகமும் வேண்டும். இரண்டும் வேறுவேறு. கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அந்தக் கை படத்தில் 5 செ.மீ. நீளத்துக்கு இழுபட்டுத் தெரியும். 1/1000 என்றால் 3 மி.மீ.தான். முதல் படத்தில் கை இருக்க வேண்டிய இடத்தில் தோல் நிறத்தில் ஒரு தீற்றல். இரண்டாவதில் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றே சொல்லிவிடலாம். வெயிலில் கேமரா தானாகவே வேகமான ஷட்டருக்குப் போய்விடும். உள்ளரங்கில்தான் சிக்கல்: வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை மெதுவாக்கித்தான் அது சமாளிக்கும். ஷட்டரை நீங்களே நிலையாக வைக்க முடிகிற கேமராவாகப் பாருங்கள். சினிமா எடுக்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால், ஷட்டரை 180 டிகிரியில் வை, அதாவது ஒரு ஃபிரேம் நேரத்தில் பாதி திறந்திருக்கட்டும், அசைவு மென்மையாகத் தெரியும், அதற்கு ஃபில்டர் போடு என்பார். அவர் வேலைக்கு அது சரி. நமக்குத் தெரிந்த 180 டிகிரி வேறு. குழல் தாண்டக் கூடாத கோடு அது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் பார்ப்பீர்கள். குண்டு வெடித்த ஃபிரேமை நிறுத்திப் பார்த்தால், படத்தின் ஒரு பாதி பளீரென்றும் மறு பாதி சாதாரணமாகவும் இருக்கும். குழல்வாய்த் தீ ஒரு கணம்தான் எரிகிறது. சென்சாரோ மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. தீ எரிந்தபோது படித்துக்கொண்டிருந்த வரிகள் மட்டும் வெளுத்துவிடுகின்றன. துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு லேசாக வளைந்தது போலத் தெரிவதற்கும் இப்படி வரிவரியாகப் படிப்பதுதான் காரணம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள், ஒருவர் நிஜமாகவே ஓடினார்.

ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கோ படத்தைவிட அதுதான் முக்கியம். பெரும்பாலான துப்பாக்கிகளின் வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். சின்ன கேமராக்களின் மைக் 120, 130-க்கு மேல் தாங்காது. அலை உச்சியில் தட்டையாகிவிடும். அது பரவாயில்லை. குண்டு எப்போது வெடித்தது என்று அறிய அலையின் தொடக்கம் போதும். கணினியில் ஒலி அலையை விரித்துப் பார்த்தால் டைமர் ஒலியிலிருந்து முதல் குண்டு வரை எவ்வளவு, ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே எவ்வளவு என்று மில்லி நொடிக் கணக்கில் படித்துவிடலாம். ரேஞ்ச் ஆபீசரின் டைமரும் இதைக் காட்டும். ஆனால் எந்த இடைவெளியில் மேகசின் மாற்றினார், எதில் கதவைத் திறந்தார் என்பது வீடியோவில்தான் சேர்ந்து கிடைக்கும்.

கெடுப்பது தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு. பெரிய சத்தம் வந்ததும் கேமரா பதறிப்போய் மைக்கின் கூர்மையை அடியோடு குறைத்துவிடும். மெல்ல மெல்லத்தான் திரும்ப ஏற்றும். இதற்கிடையில் ரேஞ்ச் ஆபீசரின் குரலும், இரும்புத் தட்டில் குண்டு பட்ட 'டிங்'கும் காணாமல் போகும். ஒலி அளவைக் கையால் நிறுத்தி வைக்க முடிகிற கேமரா கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் மைக் துளைமேல் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பாருங்கள், கொஞ்சம் உதவும். அப்புறம், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் பின்னாலிருந்து எடுத்தால் சத்தம் படத்தைவிட 30 மில்லி நொடி பின்தங்கும், கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம். குண்டுகளுக்கு இடையிலான நேரம் இதனால் மாறாது. ஒலியை வைத்துப் படத்தில் ட்ரிகர் இழுத்த ஃபிரேமைத் தேடுபவர்கள்தான் குழம்புவார்கள்.

ஆட்டோஃபோகஸைவிட நிலையான ஃபோகஸ் இங்கே மேல். சுடுபவர் தடுப்புகளுக்கும் வலைகளுக்கும் நடுவே ஓடுவார். ஆட்டோஃபோகஸ் வலையைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிடும்.

இனி நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டிய இடம். கேமரா பிடிப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே நகர்கிறார். திரையில் ஆள் சின்னதாகத் தெரிவதால் தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முன்னால் போகிறார். சுடுபவர் திடீரென்று பின்வாங்குகிறார். நிரம்பிய துப்பாக்கியோடு பின்னால் வரும் ஒருவர்மேல் மோதும் நிலையில் ஒரு கேமராக்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ரேஞ்ச் ஆபீசருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், அவர் பின்னால் வந்தால் நீங்கள் அதற்கும் பின்னால். ஸ்டேஜ் தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்ப்பவர்களும் உண்டு. இரும்பு இலக்கில் பட்டுச் சிதறும் துணுக்கு கேமரா பிடித்திருக்கிறார் என்று பார்த்து விலகிப் போகாது. ஒலி சரியாக வருகிறதா என்று மஃபை ஒரு பக்கம் தூக்குவது அதைவிட மோசம்.

வலது கைக்காரரை வலப்புறம் பின்னாலிருந்து எடுத்தால் உறையும் ட்ரிகர் விரலும் தெரியும். ஆனால் பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கூடுகளை அந்தப் பக்கம்தான் வீசும். சூடான ஒன்று சட்டைக் காலருக்குள் விழுந்தால் அந்த வீடியோ அத்தோடு சரி. மேகசின் மாற்றத்தைப் பார்க்க இடப்புறம் வர வேண்டும். இரண்டும் ஒரே வீடியோவில் வராது, இந்த ஸ்டேஜில் எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். இலக்குப் பக்கமாக ஸ்டாண்டில் கேமரா வைக்க ஆசைப்பட்டால், வைப்பதற்கும் எடுப்பதற்கும் ரேஞ்ச் ஆபீசரின் அனுமதி வேண்டும். 'ரேஞ்ச் இஸ் கிளியர்' என்று கேட்கும் முன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று யாரும் அந்தப் பக்கம் ஓடக்கூடாது. தொப்பியில் மாட்டும் கேமரா பாதுகாப்பானது, விரல் எங்கே இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் அது உங்கள் தலை திரும்பிய பக்கத்தைக் காட்டுமே தவிர, கண் பார்த்த இடத்தைக் காட்டாது.

சாட்சி என்றதும் ஒன்று. ஐ.பி.எஸ்.சி.யில் மேல்முறையீட்டுக்கு வீடியோவை ஆதாரமாக ஏற்பதில்லை. தகுதி நீக்கப்பட்ட கோபத்தில் கேமராவை நீட்டிக்கொண்டு ரேஞ்ச் ஆபீசரிடம் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடியோ உங்கள் பயிற்சிக்கு மட்டும்தான்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் என்றால் கதையே வேறு. அங்கே சத்தமில்லை, ஓட்டமில்லை. தயாரிப்புக்கும் சரிபார்ப்புச் சுடுதலுக்கும் 15 நிமிடம், பிறகு 60 குண்டுகளுக்கு 75 நிமிடம், ஆக ஒன்றரை மணி நேரம் கேமரா தாங்க வேண்டும். சில கேமராக்கள் அரை மணி நேரத்தில் தாமாக நின்றுவிடும், சில சூடேறி அணையும். ஃபிளாஷுக்கு அங்கே தடை உண்டு. பலர் மறப்பது ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கையும் பதிவு விளக்கையும். எனக்கு இவ்வளவு பிடித்த அந்தச் சிவப்பு விளக்கை இங்கே அணைக்க முடிய வேண்டும். சில எல்இடி விளக்குகளின் கீழ் படம் துடிக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். இங்கே வேகமான ஷட்டர் தேவையும் இல்லை.

கார்டு பற்றி இரண்டு வரி. நொடிக்கு 100 மெகாபிட் 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். வேகத்தைக் குறிக்கும் வி30 என்ற அடையாளம் அச்சிட்ட கார்டு போதும், நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். பேட்டரி கழற்றி மாற்றக்கூடியதா என்றும் பாருங்கள்.

வாங்கும் முன் சோதிக்கத் துப்பாக்கி வேண்டாம். சாவிக்கொத்தை வேகமாக ஆட்டிப் படம் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள், தனித்தனிச் சாவி தெரிகிறதா பாருங்கள். பேசிக்கொண்டே மைக்குக்குப் பக்கத்தில் ஓங்கிக் கைதட்டுங்கள், தட்டியதற்குப் பிறகு உங்கள் குரல் எத்தனை நொடி கழித்துத் திரும்புகிறது என்று கேளுங்கள். கடைசியாகக் காதையும் கண்ணையும் மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். ஓடுகிறதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை என்றால், கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.