உமி சாம்பல் தூளா விழுது, வைக்கோல் சாம்பல் மட்டும் ஏன் கட்டியாகுது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு பாலக்காடு பார்டர் ஓரமா இருக்கிறவங்களுக்கு ரைஸ் மில் பாய்லர் பத்தி சொல்லித் தெரிய வேண்டியதில்லீங்க. உமி மட்டும் போடற வரைக்கும் சாம்பல் பொலபொலன்னு கீழ விழும், உமி கிடைக்கலன்னு கூடவே வைக்கோல், தேங்கா மட்டைன்னு கலந்து தள்ள ஆரம்பிச்சா கிரேட் மேல, அதாவது எரிபொருள் கிடந்து எரியற இரும்புச் சட்டம் மேல, சாம்பல் கெட்டியா ஒட்டிக்கிட்டு கம்பி போட்டு இடிச்சாத்தான் பேந்து வரும். கிளிங்கர்னு சொல்றது அதைத்தான். கேட்டா அடுப்பு சூடு ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. சூடும் காரணம்தான், ஆனா சாம்பலுக்குள்ள எது எதோட சேருதுங்கறதுதான் பாதி கதைக்கு மேல.

உமி 100 கிலோ எரிஞ்சா சுமார் 20 கிலோ சாம்பல் மிஞ்சும், அதுல 90 சதவீதம் பக்கம் சிலிக்கா, மணல்ல இருக்கிற அதே பொருள். சுத்தமான சிலிக்கா உருகணும்னா 1700 டிகிரி தாண்டணும், மில் அடுப்பு அவ்வளவு தூரம் போகாது. அதனாலதான் எரிஞ்ச உமியை கையில எடுத்துப் பாத்தா நெல்லுத் தோலோட வளைவு, மேல இருக்கிற வரி எல்லாம் அப்படியே இருக்கும், ரெண்டு விரல்ல நசுக்கினா தூள்.

வைக்கோலும் அதே வயல் அதே பயிர்தான், ஆனா செடி பொட்டாசியத்தை தண்டுலயும் இலையிலயும் சாறுல கரைஞ்ச உப்பா வச்சிருக்கும், அதனால வைக்கோல் சாம்பல்ல அது பல மடங்கு இருக்கும். தேங்கா மட்டையில இன்னும் ஜாஸ்தி, அந்த சாம்பலை தென்னைக்கே திரும்ப உரமா போடறது அதுக்குத்தான். இந்த பொட்டாசியம் சிலிக்காவோட ஒரு அளவுல சேந்தா 770 டிகிரிக்குள்ளயே திரவமாயிடும். டிவி ரிப்பேர் கடையில சால்டரிங் வைக்கிறாங்களே, அதுலயும் இதேதான் நடக்குது: வெள்ளீயம் 232ல உருகும், ஈயம் 327ல உருகும், 63க்கு 37னு கலந்தா 183லயே ரெண்டும் உருகிடும்.

இதுல முக்கியமா ஒண்ணு, சாம்பல் மொத்தமா உருகினாத்தான் கட்டியாகும்னு இல்ல. துகளோட மேல்பக்கம் மட்டும் மெல்லிசா ஈரமானா போதும், ரெண்டு துகள் தொடற இடத்துல அந்த திரவம் போய் சேரும், பரப்பு இழுவிசை ரெண்டையும் இழுத்துப் பிடிக்கும், நடுவுல சின்னதா ஒரு கழுத்து உருவாகும், நேரம் ஆக ஆக கழுத்து தடிச்சு இடையில இருக்கிற சந்து எல்லாம் மூடிக்கும். இதுதான் சின்டரிங். இந்த நிலையில தட்டினா உடையும். அதையும் தாண்டி சூடு ஏறினா நிஜமாவே உருகி ஓடி, ஆறினதும் கண்ணாடி ஆயிடும். நல்லா இறுகின கிளிங்கரை உடைச்சுப் பாருங்க, வெளிய சொரசொரன்னு சாம்பல் நிறம், உள்ள கருப்பு இல்லன்னா கரும்பச்சையா பளபளப்பு, நடுநடுவுல வாயு மாட்டிக்கிட்ட ஓட்டை ஓட்டையா இருக்கும், சில இடத்துல எரியாத கரியும் கண்ணாடிக்குள்ள சிக்கியிருக்கும். அந்த கரிக்கு இனிமே காத்து போகாது, காசு குடுத்து வாங்கின எரிபொருள் அது, வீண்.

ஒரு இடத்துல கட்டி விழுந்தா அது வழியா காத்து ஏறாது, அந்த காத்தெல்லாம் பக்கத்து சந்துல வேகமா ஏறி அங்க சூடு எகிறும், அங்கயும் உருகும், இப்படியே கிரேட் முழுக்க பரவும். நிலக்கரி அடுப்புன்னா இரும்பும் சேந்துக்கும், காத்து பத்தாத இடத்துல இரும்பு ஆக்சைடு வேற வடிவத்துக்கு மாறி சாம்பலை இன்னும் சீக்கிரமா உருக்கிடும்.

லேப்ல சாம்பலை சின்ன கூம்பா பிடிச்சு உலையில வச்சு சூடேத்துவாங்க, முனை மழுங்கறது, இளகி உயரமும் அகலமும் ஒண்ணாகறது, அரைக்கோளமாகறது, ஓடறதுன்னு நாலு வெப்பநிலை ரிப்போர்ட்ல வரும். அந்த முதல் நம்பரை நம்பி அதுவரைக்கும் பயமில்லன்னு அடுப்பை ஏத்தாதீங்க, முனை மழுங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே துகளுங்க ஒட்ட ஆரம்பிச்சிருக்கும்.

பொட்டாசியம் பெரும்பாலும் தண்ணியில கரையற உப்புங்கறதால இன்னொரு விஷயமும் இருக்கு. ஒண்ணாம் போகம் அறுக்கறப்ப மழையில நனைஞ்சு நிறம் போன வைக்கோல் இருக்குல்ல, அதுல பொட்டாசியமும் குளோரினும் கணிசமா கழுவிப் போயிருக்கும். அதையே நல்லா காயவச்சு எரிச்சா மஞ்சளா பளிச்சுனு இருக்கிற வைக்கோலைவிட கட்டி கம்மியா பிடிக்கும். நல்ல வைக்கோலை மாட்டுக்கு போடுங்க, நனைஞ்சதை அடுப்புக்கு அனுப்புங்க.

சீனாக் களிமண் கலக்கறதும் ஒரு வழி, கொல்லம் பக்கம் குண்டறையில எடுக்கிற வெள்ளை மண்ணு. அதுல இருக்கிற அலுமினா பொட்டாசியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அப்படி உருவாகிற பொருள் உருக 1500 டிகிரிக்கு மேல ஆகும். மண்ணு வாங்க வசதியில்லன்னா கம்பி போடற விதத்தையாவது மாத்தலாம், அடியில ஆறிக் கிடக்கிற சாம்பலை கிளறி மேல தணலோட கலக்கவே கூடாது, அங்கதான் சூடு உச்சத்துல இருக்கும், கீழ தூளா இருந்தது மேல போனதும் உருகிடும். சாம்பலை கீழயே இழுத்து விட்டுடுங்க.