கான்ஃபெடரேட்: தமிழில் எப்படிச் சொல்வது?

‘கூட்டாட்சி வீரர்களின் கல்லறைகளில் மரபுக் குழுவினர் வீரவணக்கம் செலுத்தினர், உள்ளூர் முகாம் ஏற்பாடு செய்திருந்தது.’

அமெரிக்கச் செய்தி ஒன்றைத் தமிழாக்கும்போது இப்படி ஒரு வாக்கியம் எளிதாக வந்து விழுந்துவிடும். படிக்கவும் தடையில்லை. ஆனால் கல்லறைக்குள் இருக்கும் ஆளையே அது மாற்றிவிடுகிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘ஃபெடரல்’ படை என்றால் லிங்கனின் வடக்குப் படை. அதை எதிர்த்து நின்ற தெற்குப் படைதான் ‘கான்ஃபெடரேட்’. கூட்டாட்சி என்பது ஃபெடரலுக்கு நாம் காலகாலமாக எழுதிவரும் சொல். அதையே இங்கும் போட்டால் தெற்கத்தியார் கல்லறையில் வடக்கத்தியாரைக் கிடத்தியதாக ஆகிவிடும்.

குழப்பம் வருவதில் வியப்பில்லை. இரண்டு சொல்லும் ஒரு தாய் பிள்ளைகள். லத்தீனில் ‘ஃபோய்டுஸ்’ என்றால் உடன்படிக்கை. நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஃபிதேஸ்’ என்ற சொல்லும் அதற்கு நெருங்கிய உறவு. முன்னால் ‘கான்’ சேர்ந்தால் ‘உடன், சேர்ந்து’ என்ற பொருள் வரும். ஆக, உடன்படிக்கை செய்து ஒன்றுசேர்ந்தவர் கான்ஃபெடரேட். ஆங்கிலத்தில் சாதாரணமாகக் கூட்டாளி என்றும், குற்றத்துக்குத் துணைபோனவர் என்றும்கூட இச்சொல் வழங்குகிறது. சுவிட்சர்லாந்து வண்டிகளின் பின்னால் ‘சிஎச்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘சி’ இந்தச் சொல்லின் லத்தீன் வடிவம்தான். ‘ஹெல்வேட்டியர்களின் கூட்டமைப்பு’ என்பது அந்த நாட்டின் அதிகாரபூர்வ லத்தீன் பெயர்.

அரசியலில் இந்த இரண்டும் பிரியும் இடம் ஒன்று உண்டு: யாரிடம் இறுதி அதிகாரம்? கான்ஃபெடரேஷனில் மாநிலங்கள்தான் முதலாளி. அவை கொடுத்த அளவுக்குத்தான் நடுவில் இருக்கும் அமைப்புக்கு அதிகாரம். அமெரிக்காவே முதலில் அப்படித்தான் இருந்தது. 1781இல் நடைமுறைக்கு வந்த அதன் முதல் சாசனத்தில் மைய அரசுக்கு வரி விதிக்கும் உரிமை கிடையாது. செலவுக்கு மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். அது சரிப்பட்டு வராமல்தான் 1789இல் இன்றைய கூட்டாட்சி அமைப்புக்கு மாறினார்கள்.

அப்புறம் 1861 பிப்ரவரியில், பிரிந்துபோன தென்மாநிலங்கள் அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் கூடித் தனி அரசு அமைத்தபோது அந்தப் பழைய பெயரை எடுத்துக்கொண்டன. பின்னால் வந்தவற்றையும் சேர்த்து 11 மாநிலங்கள். மாநில உரிமையின் வாசம் அந்தப் பெயரில் இருந்தது. ஆனால் அவர்களுடைய அரசியல் சட்டத்தின் முகவுரையைப் பாருங்கள்: ‘நிலையான ஃபெடரல் அரசு’ ஒன்றை அமைக்கப்போவதாகத்தான் அதிலும் எழுதியிருக்கிறது. அதே சட்டம், கறுப்பின அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றக்கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்தத் தெற்கு அரசின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவன்னா நகரில் பேசும்போது, கறுப்பினத்தார் வெள்ளையருக்குச் சமமல்ல என்ற ஏற்றத்தாழ்வுதான் புதிய அரசின் மூலைக்கல் என்றார். வெறும் வேர்ச்சொல்லோடு நிறுத்திக்கொண்டால் இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதியதாகவே ஆகாது என்பது என் எண்ணம்.

சரி, தமிழுக்கு வருவோம். ஃபெடரலுக்குத் தமிழ்நாட்டில் கூட்டாட்சி, இலங்கையில் சமஷ்டி. யூனியனுக்கு ஒன்றியம். வடக்குப் படைக்கு ‘யூனியன்’ படை என்றும் பெயர் உண்டு, அதனால் லிங்கனின் படையை ‘ஒன்றியப் படை’ என்று எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை. கான்ஃபெடரேஷனுக்குக் ‘கூட்டமைப்பு’ பொருந்துகிறது. கூட்டாட்சியில் உள்ள ‘ஆட்சி’ இதில் இல்லாததே பொருளுக்கு நெருக்கம். ஒரே குறை, வணிகர் சங்கத்திலிருந்து அரசியல் கட்சி வரைக்கும் எல்லாவற்றுக்கும் கூட்டமைப்பு என்று பெயர் வைத்துவிட்டோம். அதனால் இந்தப் போரைப் பற்றி எழுதும்போது ‘தென்மாநிலக் கூட்டமைப்பு’ என்று முழுதாகச் சொல்வது நல்லது.

கல்லறைகளுக்குப் போனால் சொல் இன்னும் கனக்கிறது. 1867இல் தேசியக் கல்லறைத் தோட்டங்களுக்குச் சட்டம் வந்தபோது அவை ஒன்றியப் படையினருக்கு மட்டும். தெற்குப் படையில் இறந்தவர்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்யும் வேலையைப் பெண்களின் நினைவுச் சங்கங்கள் தோளில் போட்டுக்கொண்டன. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரின் ஹாலிவுட் என்ற கல்லறைத் தோட்டத்தில் 90 அடி உயரத்துக்குக் கருங்கல் பிரமிடு ஒன்று 1869இல் எழுந்தது. தென்மாநிலப் படையினரின் வழிவந்தவர்களுக்காக 1894இல் மகள்கள் சங்கமும், 1896இல் மகன்கள் சங்கமும் தோன்றின. இன்றும் இவற்றின் உள்ளூர்க் கிளைகள் ஏப்ரல், மே மாதங்களில் கல்லறைகளில் சிறு கொடி நட்டு, பெயர்களை உரக்க வாசிக்கின்றன. சாய்ந்த கற்களை நிமிர்த்துகின்றன. பளிங்கைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டுதான் கழுவ வேண்டும். கம்பித் தூரிகை போட்டால் கல்லோடு எழுத்தும் போய்விடும்.

அந்தக் கல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பின்னாளில் தென்மாநிலத்தாருக்கும் இடம் தந்த, வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றியப் படையினரின் கற்களுக்குத் தலை வளைவாக இருக்கும். தென்மாநிலத்தாரின் கற்களுக்குக் கூராக இருக்கும். வடக்கத்தியார் மேலே உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே கூராக்கினார்கள் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. இப்படிப்பட்ட கற்களில் பெயருக்கும் படைப்பிரிவுக்கும் பக்கத்தில் ‘சி.எஸ்.ஏ.’ (கான்ஃபெடரேட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா) என்று மூன்றெழுத்து வெட்டியிருக்கும். நாம் இவ்வளவு நேரம் பேசிய சொல் அந்த முதல் எழுத்தில் இருக்கிறது.

மகன்கள் சங்கம் தன் உள்ளூர்க் கிளையைக் ‘கேம்ப்’ என்கிறது. முகாம் என்று போட்டால் நம் வாசகருக்கு ரத்ததான முகாம்தான் நினைவுக்கு வரும். பாசறை என்பது அச்சாகப் பொருந்தும். படை தங்குமிடத்துக்கான பழந்தமிழ்ச் சொல், கட்சிகளின் இளைஞர் பிரிவுகளுக்கும் இன்று வழங்குகிறது. இதைவிடச் சிக்கலானது ‘வீரர்’. நமக்குப் படையில் இருப்பவரும் வீரர், போற்றுதலுக்குரியவரும் வீரர். ஆங்கிலத்தில் வெறும் ‘சோல்ஜர்’ என்று இருப்பதை வீரர் என்றாக்கி, அஞ்சலியை வீரவணக்கம் என்றும் எழுதினால், மூலத்தில் இல்லாத புகழைத் தமிழே சூட்டிவிடுகிறது. சங்கத்தார் தாங்களே அப்படிச் சொன்னால் மேற்கோளாக எழுதலாம். செய்தியாளர் வாக்கில் ‘படையினர்’, ‘சிப்பாய்’, ‘அஞ்சலி’ போதும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 1865 மே 1 அன்று, தெற்கின் சார்ல்ஸ்டன் நகரில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் ஒரு குதிரைப் பந்தயத் திடலில் கூடினார்கள். போரின்போது அங்கே சிறை வைக்கப்பட்டு இறந்த 257 ஒன்றியப் படையினர் அவசரக் குழிகளில் கிடந்தார்கள். அதற்கு முந்தைய நாட்களிலேயே அவர்களை எடுத்து முறையாக அடக்கம் செய்து, வேலி கட்டியிருந்தார்கள். அன்று பள்ளிப் பிள்ளைகள் ரோஜாவோடு ஊர்வலம் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கான்ஃபெடரேட் என்ற சொல் என்ன பொருள் தந்திருக்கும் என்பதையும் நினைத்துத்தான் நாம் சொல் தேட வேண்டும்.

முதலில் சொன்ன வாக்கியத்தை இப்படி எழுதலாம்: ‘அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்புக்காகப் போரிட்டு இறந்த படையினரின் கல்லறைகளை மரபுக் குழுவினர் சுத்தம் செய்து அஞ்சலி செலுத்தினர், மகன்கள் சங்கத்தின் உள்ளூர்ப் பாசறை ஏற்பாடு செய்திருந்தது.’