பி.எச் மீற்றர் ஸ்கிரீனில 7.2 எண்டு காட்டுது, நம்பலாமோ?

இரணைமடுக் குளத்துத் தண்ணியோ குழாய்க்கிணத்துத் தண்ணியோ, குளோரின் போட்டு குடிக்கக் குடுக்கிற இடத்தில பி.எச், அதாவது தண்ணி அமிலமோ காரமோ எண்டு சொல்லுற அளவு, எவ்வளவு எண்டு கட்டாயம் தெரியவேணும். 7.5 அளவில எண்டா போட்ட குளோரினில பாதிதான் கிருமியைக் கொல்லுற வீரியத்தோட நிக்கும், 8.5 க்கு ஏறினா பத்தில ஒரு பங்குதான் மிஞ்சும். அதால பி.எச் மீற்றர் பொய் சொன்னா அது சின்ன விசயம் இல்லை.

மீற்றர் உண்மையில வாசிக்கிறது மில்லிவோல்ற்று. தண்ணிக்குள்ள வைக்கிற எலெக்ரோட் நுனியில இருக்கிற மெல்லிய கண்ணாடிக் குமிழுக்கு உள்ளயும் வெளியயும் ஐதரசன் அயன் வித்தியாசப்படுறதால ஒரு சின்ன வோல்ற்றேஜ் வரும், அதை வோல்ற்றேஜ் மாறாம நிக்கிற ரெஃபரன்ஸ் எலெக்ரோட்டோட ஒப்பிட்டு பி.எச் ஆ மாத்திக் காட்டுது. 7 இல கிட்டத்தட்ட பூச்சியம் வரவேணும், அதில இருந்து விலகி நிக்கிறதுதான் ஓஃப்செட். 25 பாகையில ஒரு பி.எச் மாறினா 59.16 மில்லிவோல்ற்று மாறவேணும், இதுதான் ஸ்லோப்.

என்னைக் கேட்டா ஸ்லோப்பைத்தான் முதல்ல பாக்கவேணும். பி.எச் 7 எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச தாங்கற் கரைசலில இருந்து எடுத்து, கழுவி, பி.எச் 4 கரைசலில வைச்சா 177 மில்லிவோல்ற்று அளவில கூடவேணும். 160 தான் கூடுது எண்டா ஸ்லோப் 90 வீதம், அது களைச்சுப்போன எலெக்ரோட். எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, கேத்தில் அடியில படியிற அதே வெள்ளைப் படை கண்ணாடியிலயும் படியும், ஐதான அமிலத்தில கொஞ்ச நேரம் வைச்சுக் கழுவினா பல நேரம் ஸ்லோப் திரும்பி வந்திடும். ரிஷ்யூ பேப்பரால உரசித் துடைக்காதேங்கோ, மெல்ல ஒத்தி எடுத்தாப் போதும்.

மீற்றர் சூட்டுக்கு ஏத்தமாதிரித் திருத்துற ரெம்பரேச்சர் கொம்பன்சேஷன் எண்டதையும் கனபேர் பிழையா விளங்கி வைச்சிருக்கினம். 35 பாகையில ஸ்லோப் 61.1 ஆகும், கொம்பன்சேஷன் திருத்திறது இந்த ஸ்லோப் மாற்றத்தை மட்டும்தான், சூட்டால தண்ணியின்ர பி.எச் உண்மையாவே மாறினா அதைத் திருத்தாது.

இனி கொன்ரோல், அதாவது மீற்றர் காட்டுறதைப் பாத்து கொன்ரோலர் தானாவே பம்பால அமிலமோ காரமோ விட்டு பி.எச் ஐச் சரியா வைச்சிருக்கிறது. நாங்கள் குடுக்கிற இலக்கு செட் பொயின்ற். மருந்து விழுற இடத்துக்கும் எலெக்ரோட்டுக்கும் இடையில தண்ணி ஓடிவர எடுக்கிற நேரம் டெட் டைம், குளத்துத் துருசை, அதாவது மதகைத் திறந்தாலும் கடைசி வயலுக்குத் தண்ணி பிறகுதானே வரும், அதுமாதிரி. அதுக்குள்ள கொன்ரோலர் இன்னும் காணாது எண்டு நினைச்சு அமிலத்தை ஊத்திக்கொண்டே இருக்கும், பி.எச் மடக்கை அளவு எண்டபடியா 7 க்குக் கிட்ட ஒரு துளியே பெரிய பாய்ச்சல் காட்டும், பிறகு காரத்தை ஊத்தும், இப்பிடியே மேலயும் கீழயும் ஆடும். இதை அடக்க கெய்னை, அதாவது இலக்கில இருந்து விலகினதுக்கு எவ்வளவு மருந்து ஊத்துறது எண்ட அளவைக் குறைக்கவேணும், செட் பொயின்ற்றுக்கு ரெண்டு பக்கமும் பம்ப் அசையாத டெட் பாண்ட் ஒண்டு விடவேணும், எலெக்ரோட்டை மருந்து நல்லாக் கலந்து முடியிற இடத்துக்குக் கிட்டவா பூட்டவேணும். தூரத்தில பூட்டினதை எந்த செற்றிங்காலயும் முழுசாச் சரிக்கட்டேலாது.