ஏடிவி கிளம்பவில்லையா? வயரை வெட்டுவதற்கு முன்

மலைவாசஸ்தலங்களின் விடுதிகளிலும் சாகச விளையாட்டுத் திடல்களிலும் ஓடும் ஏடிவி என்ற நான்கு சக்கர மண்பாதை வண்டிகளைப் பழுதுபார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. விடுமுறைக் காலத்தில், "வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று அழைப்பு வரும். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தால், வேலை மிச்சம் என்ற நிம்மதி எனக்கு வருவதில்லை. எந்த வயரை வெட்டினார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.

இப்படித் தேடும் பழக்கம் வரக் காரணமான சம்பவம் ஒன்று உண்டு. ஒரு திடலில் சிறுவர்களுக்கான 110 சிசி வண்டி மழைக்குப் பிறகு கிளம்ப மறுத்திருக்கிறது. அந்த வண்டிகளின் பின்புறத்தில் ஒரு கயிறு தொங்கும். பின்னால் நடந்துவரும் பெரியவர் அதைப் பிடித்து இழுத்தால் என்ஜின் நின்றுவிடும். கயிறு மாட்டும் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அங்கிருந்த பணியாளர் சுவிட்சின் வயரை வெட்டி டேப் சுற்றினார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. கயிறு மட்டும் அழகுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. சில மாதங்கள் கழித்து, ஆக்சிலரேட்டர் கேபிளில் மண் அடைத்துக்கொண்டு, குழந்தை கட்டைவிரலை எடுத்த பிறகும் வேகம் குறையாமல் வண்டி ஓடியது. பின்னால் ஓடியவர் கயிற்றை இழுத்தார். கயிறு கையோடு வந்தது, வண்டி நிற்கவில்லை. ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் மோதி நின்றதால் குழந்தை சிராய்ப்போடு தப்பியது.

வயரை வெட்டியதும் வண்டி ஏன் கிளம்புகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அதை ஏன் வெட்டக்கூடாது என்பதும் விளங்கிவிடும். சிடிஐ என்ற மின்னணுப் பெட்டியால் பிளக்கில் பொறி உண்டாக்கும் சிறிய வண்டிகள் பலவற்றில், என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. சிடிஐ பெட்டியிலிருந்து வரும் ஒரு வயரை எர்த்தோடு, அதாவது வண்டியின் உலோக உடம்போடு சேர்த்து, பொறியைச் சாகடிக்கிறது. கைப்பிடியில் உள்ள சிவப்பு சுவிட்ச், பின்புறக் கயிறு, சாவி மூன்றும் பெரும்பாலும் இந்த ஒரே வயரில்தான் வந்து சேர்கின்றன. ஈரமோ சேறோ சுவிட்சுக்குள் புகுந்து அந்த வயரை எர்த்தோடு இணைத்துவிட்டால், செல்ஃப் சுற்றும், பிளக்கில் மட்டும் பொறி வராது. ஆகவே அந்த வயரின் இணைப்பானைச் சற்று நேரம் பிரித்துப் பார்ப்பது நல்ல சோதனைதான். பிரித்ததும் பொறி வந்தால் பழுது சுவிட்சில் என்று தெரிந்துவிடும். சுவிட்சைக் கழற்றி, காற்றடித்துக் காயவைத்து, தொடர்புமுனைகளைச் சுத்தம் செய்யலாம், தேறாவிட்டால் மாற்றலாம். சோதனையை அப்படியே சிகிச்சையாக விட்டுவிடுவதில்தான் ஆபத்து.

எந்த வண்டியிலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, செல்ஃப் பட்டனை அழுத்தும்போது என்ஜின் சுற்றுகிறதா என்பதே. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கார்புரேட்டரைக் கழற்றி வைத்திருப்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

சுற்றவே இல்லை என்றால் பிரேக்கைப் பிடித்து, பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தானியங்கி கியர் கொண்ட ஏடிவிகளில் பிரேக் பிடித்திருந்தாலோ கியர் நியூட்ரலில் இருந்தாலோதான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் செல்ஃப் ரிலேக்கு மின்சாரம் போகும். சில மாடல்களில் இரண்டும் வேண்டும். பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் லீவரின் அடியில் இருக்கும் சிறு சுவிட்சையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சேற்றில் புரளும் வண்டியில் அது அடிக்கடி சிக்கிக்கொள்ளும்.

விளக்கு எரிந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரிக்கு வரலாம். படபடவென்று தொடர்ச்சியாக ரிலே சத்தம் கேட்டால் பேட்டரி பலவீனம். ஒரே ஒரு 'டக்' என்ற சத்தத்தோடு அடங்கிவிட்டால் எர்த் இணைப்பு, ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் சும்மா நின்ற 12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6-ஐ ஒட்டிக் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12-ஐ நெருங்கினால் கிட்டத்தட்ட காலி. ஆனால் நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. பட்டனை அழுத்தும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், அந்தப் பேட்டரியால் என்ஜினைச் சரியாகச் சுற்ற முடியாது. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டு மறுபடி அளந்தால் சில வேளை பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதானால் கார் என்ஜினை அணைத்துவிட்டு எடுங்கள். கருப்பு கம்பியின் கடைசி முனையைப் பேட்டரியில் மாட்டாமல் ஏடிவியின் சட்டத்தில் மாட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ரிலேயின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைக்கும் வித்தை அரங்கேறும். பிரேக், கியர் என்று எதையும் கேட்காமல் ஸ்டார்ட்டர் நேரடியாகச் சுற்றும். கியர் விழுந்திருந்து, ஆக்சிலரேட்டரும் கொஞ்சம் திறந்திருந்தால், என்ஜின் பிடித்த கணத்தில் வண்டி முன்னால் பாயும். அதைச் செய்பவரோ பெரும்பாலும் வண்டிக்கு முன்னால் குனிந்து நிற்பார்.

என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், மேலே சொன்ன கில் சுவிட்சை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பெட்ரோல் டேப் மூடியிருப்பது, டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருப்பது போன்ற சின்ன விஷயங்களே முதல் வகைக்குப் போதும். மூடியைத் திறந்ததும் வண்டி கிளம்பினால் துளைதான் காரணம். மழைக்காலத்தில் இரண்டு மாதம் மூடி வைத்திருந்த வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலைப் பிடித்துப் பார்ப்பேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் மிகுந்துவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து குப்பியின் அடியில் தங்கும். அந்தப் பெட்ரோலில் எந்த வண்டியும் கிளம்பாது.

பிளக் கரியாக இருந்தால் மலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் விட்டு, பிளக்கைக் கரியாக்கும். காலைக் குளிருக்காகப் போட்ட, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை எடுக்க மறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைச் சிறிய அளவில் போடாமல் புதுப் பிளக்குகளை வாங்கி மாற்றிக்கொண்டே இருந்த ஓர் உரிமையாளர், பிளக் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

பிளக்கை என்ஜின் உடம்பில் வைத்துப் பொறி பார்ப்பவர்கள், பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். துளையிலிருந்து தள்ளி வையுங்கள். ஈரத்துணியால் துளையை மூடுவதும் நல்லது. கொட்டகைக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஓடையைக் கடக்கும்போது நின்றுபோன வண்டியில் பட்டனையே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அழுத்த முடியாத தண்ணீரை அழுத்தப் போய், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக் மூடியை எர்த் செய்து, தண்ணீர் வெளியேறும் வரை சுற்றிவிட வேண்டும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அதை மாற்றாமல் ஓட்டக்கூடாது. பெல்ட்டிலோ மையவிலக்கு கிளட்சிலோ ஓடும் வண்டியைத் தள்ளியோ ஜீப்பில் கட்டி இழுத்தோ கிளப்ப முடியாது. என்ஜின் சுற்றினால்தான் அந்தக் கிளட்ச் பிடிக்கும், சக்கரம் சுற்றுவதால் பிடிக்காது.

வண்டி கிளம்பிய பிறகும் என் வேலை சிறிது பாக்கியிருக்கும். ஓடும் என்ஜினைச் சிவப்பு சுவிட்சால் ஒருமுறை அணைப்பேன், மறுபடி கிளப்பிக் கயிற்றை இழுத்து ஒருமுறை அணைப்பேன், பிரேக் கட்டாயமான மாடல்களில் பிரேக்கை விட்டுவிட்டுப் பட்டனை அழுத்தி, செல்ஃப் சுற்றாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டு, அது தானாகத் திரும்புகிறதா என்பதை ஹேண்டில்பாரை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதாக ஒடித்து வைத்துப் பார்ப்பேன். இவற்றில் ஒன்று தவறினாலும் சாவியை நானே வைத்துக்கொள்வேன். இதனால் வார இறுதி வசூல் போயிற்று என்று என்மேல் கோபித்துக்கொண்டு வேறு மெக்கானிக்கைத் தேடிப் போனவர்கள் இரண்டு பேர்.