விசைக்கும் செயலுக்கும் நடுவே ஓர் அட்டவணை

ஒரு கோப்பைச் சேமிக்க மெனுவில் போய் 'சேமி' என்பதைச் சொடுக்கலாம், கருவிப்பட்டையில் உள்ள சின்னத்தைச் சொடுக்கலாம், கண்ட்ரோல் + எஸ் அழுத்தலாம். பார்க்க மூன்று வேலைகள் போலத் தெரியும். உள்ளே நடப்பது ஒன்றுதான். 'சேமி' என்ற கட்டளைக்கு மென்பொருள் ஓர் எண்ணோ பெயரோ வைத்திருக்கிறது. மெனு வரி, சின்னம், விசை எல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிடும் வழிகள். அதனால்தான் பல மென்பொருள்களில் மெனுவிலிருந்து ஒரு வரியை நீக்கினாலும் அதன் குறுக்குவிசை, அதாவது கண்ட்ரோல் + எஸ் போன்ற விசைச் சேர்க்கை, வேலை செய்துகொண்டே இருக்கும்.

சரி, விசையை அழுத்தினால் என்ன ஆகிறது? கீபோர்டுக்கு எழுத்து தெரியாது. யுஎஸ்பி கீபோர்டு என்றால், எஸ் இருக்கும் இடத்துக்குரிய 22 என்ற எண்ணையும், கண்ட்ரோல் அழுந்தியிருக்கிறது என்ற குறிப்பையும் அனுப்பும். இயங்குதளம் அதைத் தன் எண்ணாக மாற்றும். விண்டோஸில் எஸ்ஸுக்கு 83. அது மென்பொருளிடம் போய்ச் சேர்ந்ததும், அங்கே ஓர் அட்டவணை புரட்டப்படுகிறது: இந்தச் சேர்க்கைக்கு எதிரே எந்தக் கட்டளை இருக்கிறது? குறுக்குவிசையை மாற்றுவது என்றால் இந்த அட்டவணையில் ஒரு வரியைத் திருத்துவதுதான். சேமிக்கும் நிரல் தொடப்படுவதே இல்லை.

இந்த எண்ணத்தைக் கடைசி வரை கொண்டுபோனது 1976இல் பிறந்த ஈமாக்ஸ் என்ற, உரை எழுதித் திருத்தும் மென்பொருள். அதில் 'ஏ' என்ற வெறும் எழுத்து விசைகூட அட்டவணையில் இருக்கிறது. 'அழுத்திய எழுத்தை இங்கே சேர்' என்ற கட்டளையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. தட்டச்சு செய்வதும் ஒரு குறுக்குவிசைதான் என்பது எவ்வளவு அழகான யோசனை! வேண்டுமானால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

வெட்டு, நகலெடு, ஒட்டு, செயல்தவிர் ஆகியவற்றுக்கு எக்ஸ், சி, வி, இசட் விசைகள் 1983இல் வந்த ஆப்பிள் லிசா கணினியிலேயே இருந்தன. நான்கும் கீழ் வரிசையில் பக்கம் பக்கமாக இருப்பதால் இடது கையே போதும். ஆனால் பிரெஞ்சு அசெர்ட்டி கீபோர்டில் இசட் மேல் வரிசைக்குப் போய்விடுகிறது. எல்லாருடைய விரலுக்கும் பொருந்தும் ஓர் அட்டவணை கிடையாது. மாற்றும் வசதி தேவைப்படுவது இதனால்தான்.

மாற்றும்போது சிக்கல் வருவது மோதலில். ஒரே விசையை இயங்குதளமும் கேட்கும், மென்பொருளும் கேட்கும். முதல் உரிமை இயங்குதளத்துக்கு. ஆல்ட் + டேப் பொதுவாக உங்கள் மென்பொருள்வரை வராது. விண்டோஸில் கண்ட்ரோல் + ஆல்ட் + டெலீட்டை எந்த மென்பொருளாலும் பிடித்து வைக்க முடியாது. மென்பொருளுக்குள்ளேயும் இடம் பார்த்து முடிவு மாறும்: டெலீட் விசை உரையில் எழுத்தை அழிக்கும், கோப்புப் பட்டியலில் கோப்பையே அழிக்கும். நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் என்ற மென்பொருள் தன் குறுக்குவிசை விதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எழுதும் விதிகள் பட்டியலின் அடியில் சேர்வதால் அவையே வெல்லும்.

வேர்டில் விருப்பங்கள் பகுதியில் ரிப்பனை (மேலே உள்ள கட்டளைப் பட்டையை) மாற்றும் பக்கத்துக்குப் போனால், கீழே குறுக்குவிசைக்கான பொத்தான் இருக்கும். புது விசையை அழுத்தியதும் அது ஏற்கெனவே எந்தக் கட்டளையிடம் இருக்கிறது என்று காட்டிவிடும். அந்த வரியைப் படிக்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். நகலெடு, செயல்தவிர் போன்றவற்றைத் தொடாமல் விடுவது நல்லது. மற்ற எல்லா மென்பொருளிலும் விரல் அவற்றைத்தான் தேடும். நாளுக்குப் பலமுறை மெனுவில் தேடிப் போகும் கட்டளை எது என்று பார்த்து, அதற்கு மட்டும் விசை கொடுங்கள்.

அப்புறம், இந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே கோப்பில்தான் தங்குகின்றன. வேர்டில், நீங்கள் வேறு இடம் சொல்லாதவரை, நார்மல் என்ற வார்ப்புருக் கோப்பில். விஎஸ் கோடில் கீபைண்டிங்ஸ் என்ற கோப்பில். புதிய கணினிக்கு மாறும்முன் அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.