பின் சீட்டுக்கும் ஹெல்மெட்: சட்டம் கேட்பது என்ன, நம் இஷ்டத்துக்கு விட்டது என்ன

"என் தலை, என் இஷ்டம்." காட்பாடி சாலையில் போலீஸ் கைகாட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சித்திரை வெயிலில் வேலூரில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துபோவது உண்மைதான். அதைச் சொல்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 129-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொது இடத்தில் டூவீலரில் போகும் நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், ஓட்டுபவரானாலும் பின்னால் உட்காருபவரானாலும், ஹெல்மெட் கட்டாயம். டர்பன் கட்டிய சீக்கியருக்கு விலக்கு உண்டு. பெண்களுக்கு, பெரியவர்களுக்கு, பக்கத்துத் தெரு வரைக்கும் போகிறவர்களுக்கு என்று விலக்கு எதுவும் இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று ஸ்ட்ராப். தாடைக்குக் கீழே பட்டையைப் பூட்டினால்தான் சட்டத்தின் கணக்கில் அது ஹெல்மெட். பக்கிள் தொங்க, போலீஸுக்காகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனால் போடாததற்குச் சமம். விழும்போது தலை தரையில் படுவதற்குள் அது கழன்று ஓடிவிடும்.

தமிழ்நாட்டில் 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரிலிருந்து 1,000 ரூபாய். அது மட்டுமல்ல, 194டி பிரிவின்படி மூன்று மாதம் லைசென்ஸையும் முடக்கலாம். பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடவில்லை என்றாலும் ஓட்டுபவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, இது தனிமனித உரிமையில் கை வைப்பதில்லையா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திராவின் ஹெல்மெட் விதியை எதிர்த்த வழக்கில், நடமாடும் உரிமையை இது பறிக்கவில்லை என்று 1988-ல் தீர்ப்பு வந்துவிட்டது. நம் மாநிலத்தில் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக அமல்படுத்தச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

என்னைக் கேட்டால், இஷ்டம் என்ற வாதம் பின் சீட்டைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. குடியாத்தம், அணைக்கட்டு பக்கமிருந்து வேலூருக்கு வரும் வண்டிகளைப் பாருங்கள். ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். பின்னால் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையையும் மடியில் குழந்தையையும் பிடித்திருப்பார். அவர் தலையில் ஒன்றும் இருக்காது. அவரிடம் யாராவது இஷ்டம் கேட்டார்களா? வீட்டில் இரண்டாவது ஹெல்மெட்டே இருக்காது. இது எனக்கு உண்மையாகவே ஆற்றாமை தரும் விஷயம். பெங்களூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும்போது முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் ஆபத்தில் வித்தியாசம் கிடையாது.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி விதி 2023 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் குழந்தையின் அளவுக்கு ஏற்ற ஹெல்மெட்டும் வேண்டும்.

அடிபட்ட பிறகு செலவும் நம்மோடு நிற்பதில்லை. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் அரசுப் பணத்தில் சிகிச்சை நடக்கிறது. நல்ல திட்டம், ஊருக்கே தெரிய வேண்டிய திட்டம். தலைக்காயத்துக்கு 48 மணி நேரத்துக்கு அப்புறமும் எத்தனையோ மாதம் பார்க்க வேண்டியிருக்கும், அதைக் குடும்பம்தான் சுமக்கும். இழப்பீட்டு வழக்கிலும், ஹெல்மெட் போடாததைக் காரணம் காட்டித் தொகையில் ஒரு பங்கைக் குறைத்த தீர்ப்புகள் உண்டு.

சட்டம் நம் இஷ்டத்துக்கு விட்டிருப்பதும் நிறைய. நிறம், வடிவம், விலை எல்லாம் நம் பாடு. நம் வெயிலுக்குக் காற்றுத் துளை உள்ள, வெளிர் நிற ஹெல்மெட் எடுக்கலாம். ராத்திரி ஓட்டுபவர் கறுப்புக் கண்ணாடியைத் தவிர்க்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் கட்டாயம். முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்பதற்கே 2021 ஜூன் முதல் தடை இருக்கிறது. சாலையோரத்தில் குவித்து விற்பதை வாங்கும்போது முத்திரையைத் தேடிப் பாருங்கள். போட்டு, பட்டையைப் பூட்டி, தலையை ஆட்டுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் அது உங்கள் அளவு இல்லை.

புது வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு சேதி. வண்டியோடு ஐஎஸ்ஐ தரத்தில் ஒரு ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே, 138-வது விதியில் இருக்கிறது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கத் தடுப்பு ஆகியவை 123-வது விதியில் வருகின்றன. இவை எல்லாம் இருக்கிறதா என்று ஷோரூமில் டெலிவரி எடுப்பதற்கு முன்பே பார்த்து, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின் சீட்டுக்கான ஹெல்மெட்டை, அதைப் போடப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போய் எடுங்கள்.