முகம் பிடிபடாத குழந்தைகள்

"மொட்டை போட்டுட்டு வந்த அப்பாவை என் பையனுக்கு அடையாளமே தெரியலை மேடம். பாசமே இல்லையோ?" ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இப்படிக் கலங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். இதற்கும் பாசத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பிறந்து சில நாட்களிலேயே குழந்தை அம்மாவின் முகத்தை மற்ற முகங்களைவிட அதிக நேரம் பார்க்கும். ஆனால் அம்மாவும் மற்ற பெண்ணும் தலையில் துணி கட்டி முடியை மறைத்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடுவதை 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆக, எல்லாக் குழந்தைகளும் தலைமுடியையும் தலையின் வடிவத்தையும் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் சேர்த்து அறிவது வருடக்கணக்கில் பழகி வரும் திறமை.

ஆட்டிசத்தில் அந்தப் பழக்கம் குறைந்துபோகலாம். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் 2 மாதத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்தார்கள். 2 முதல் 6 மாதத்துக்குள் அது குறையத் தொடங்கியது என்று 2013-இல் ஜோன்ஸ், க்ளின் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். எல்லா ஆட்டிசக் குழந்தைக்கும் முகம் பிடிபடாத இந்தச் சிரமம் இருக்காது. வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற அரிய மரபணுக் குறைபாட்டில் நிலைமை வேறு: அந்தக் குழந்தை முகங்களை ஆசையாகப் பார்க்கும், முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் போய்விடும். அங்கே பாதுகாப்புதான் முதல் கவலை.

பள்ளிக்கூடத்தை யோசித்துப் பாருங்கள். ஒரே சீருடை, ஒரே மாதிரி மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, ஒரே நிற ரிப்பன். முடியையும் உடையையும் வைத்து ஆளை அறியும் குழந்தைக்கு அங்கே பிடிமானமே இல்லை. 'யாரோடும் சேர மாட்டேங்கிறா' என்ற புகாருக்குப் பின்னால் சில சமயம் இதுவும் இருக்கிறது. பக்கத்தில் உட்காரும் பிள்ளையை அடிக்கடி மாற்றாதீர்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வேன்.

வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "நான் யாரு, சொல்லு பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "கண்ணா, பெரியம்மா வந்திருக்கேன்" என்று பெயரோ உறவோ சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். பல குழந்தைகளுக்குக் குரல் உடனே பிடிபடும். தாடையைப் பிடித்துத் திருப்பி 'கண்ணைப் பார்' என்று அதட்டவே கூடாது. கண்ணோடு கண் பார்ப்பது அவ்வளவு சங்கடம் என்று ஆட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். மொட்டை போடும்போது, மீசை எடுக்கும்போது, முடிந்தால் குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: எல்லாவற்றுக்கும் முன்னால் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பார்வைக் குறையை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.